ஸ்கூல் பக்கத்து காட்டுல பசங்கள கூட்டிட்டுப் போய் மரம் அளக்கறது எப்படி – முழு வழிகாட்டி

நான் விழுப்புரம் பக்கம் கடலோரமா ஒரு கிராமத்து ஹைஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறேன். எங்க ஸ்கூல்ல இருந்து பத்து நிமிஷம் நடந்தா ஏரிக்கரைக்கு அந்தாண்ட ஒரு அய்யனார் கோயில் காடு இருக்கு, அங்க 6 வருஷமா எட்டாவது ஒன்பதாவது பசங்கள வச்சு ஒரே ஒரு சின்ன இடத்துல இருக்கற மரங்கள வருஷா வருஷம் அளந்துட்டு வரோம். எப்படி சார் பண்றீங்கன்னு நிறைய டீச்சர்ஸ் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். ஒரு தடவ போய் அளந்துட்டு சார்ட் ஒட்டி எக்ஸிபிஷன்ல வச்சுட்டு முடிச்சுக்கறதா இருந்தா இவ்ளோ கஷ்டப்பட வேணாம். அதே மரத்த, அதே இடத்துல, அதே மாசத்துல மறுபடி மறுபடி அளக்கும்போதுதான் விஷயமே ஆரம்பிக்குது. கீழ நான் சொல்ற எல்லாமே அடுத்த வருஷம் வேற ஒரு பையன் வந்து இதே மரத்த கண்டுபிடிச்சு இதே இடத்துல டேப்ப சுத்தணும்ங்கற ஒரே காரணத்துக்காகத்தான்.

பெரிய ஆளுங்களும் இதத்தான் பண்றாங்க. முதுமலைல பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க, சுகுமார் சார் டீம், 1988ல 50 ஹெக்டேர் இடத்த கட்டம் போட்டு ஆரம்பிச்சாங்க. எந்த மரம் உசுரோட இருக்கு எது போச்சுன்னு வருஷா வருஷம் பாப்பாங்க, சுத்தளவு 4 வருஷத்துக்கு ஒரு தடவ எடுப்பாங்க. யானை சாய்ச்சது, தீயில போனது, வறட்சில காஞ்சது எல்லாம் அந்தக் கணக்குல வரும். நம்ம பண்ணப் போறது அதோட குட்டித் தம்பி, 20 மீட்டருக்கு 20 மீட்டர், அவ்ளோதான். ஒரு ஹெக்டேர்ல இது 25ல ஒரு பங்கு.

இடம் பாக்கறது, பர்மிஷன் வாங்கறது

ரிசர்வ் ஃபாரஸ்ட்டா இருந்தா பர்மிஷன் இல்லாம ஒரு அடி கூட உள்ள வைக்காதீங்க, சட்டப்படி குத்தம். ஹெட்மாஸ்டர் கையெழுத்தோட ஒரு லெட்டர் எழுதி ரேஞ்சர் ஆஃபீஸ்ல குடுங்க, அவங்க டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) வரைக்கும் அனுப்புவாங்க. என்ன பண்ணப் போறோம், எத்தன பசங்க, எந்தத் தேதி, எதையும் வெட்ட மாட்டோம் எடுக்க மாட்டோம்னு தெளிவா எழுதுங்க. ஸ்கூல்ல பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ இருந்தா அது பேர்லயே எழுதுங்க, வேலை கொஞ்சம் சீக்கிரம் நடக்கும்.

கோயில் காடுன்னா கத வேற. சில கோயில் அறநிலையத்துறை கைல இருக்கும், சிலது ஊர்க்காரங்க கைல, அத மொதல்ல விசாரிங்க. ஆனா யார் கைல இருந்தாலும் பூசாரிய பாக்காம ஆரம்பிக்காதீங்க. எங்க பூசாரி மொத நாளே மூணு கண்டிஷன் போட்டார். "உள்ள இருந்து ஒரு சுள்ளி கூட வெளிய போவக்கூடாது சார், மரத்துல இரும்பு அடிக்கக் கூடாது, செருப்ப வெளியவே விட்டுடணும்." மொத ரெண்டுக்கும் உடனே சரின்னுட்டேன். மூணாவதுதான் இடிச்சுது, ஏன்னா கீழ காரை முள்ளு, சருகு, சருகுக்குள்ள விரியன் இருந்தாலும் இருக்கும், பசங்கள வெறுங்காலோட எப்படி விடறது. அரை மணி நேரம் பேசினோம். கடைசில சாமி குதிரை நிக்கற எடத்துல இருந்து அந்தாண்ட போயிட்டா ஷூ போட்டுக்கலாம்னார். அதனாலதான் எங்க கட்டம் காட்டோட நடுவுல இல்லாம மேற்கு ஓரமா இருக்கு. ரிசர்ச் கண்ணோட பாத்தா இது சரியான இடத்தேர்வு இல்லதான், எனக்கு கவலை இல்ல.

எங்க காட்டப் பத்தி ரெண்டு வார்த்தை. இது உலர் பசுமைமாறாக் காடுங்கற வகை, சோழமண்டலக் கடற்கரை ஓரமா துண்டு துண்டா மிச்சம் இருக்கு, அதுலயும் நிறைய பொழச்சு நிக்கறது அய்யனார் புண்ணியத்துலதான். பாண்டிச்சேரி பக்கத்துல புத்துப்பட்டுல இருக்கறது இந்த வகைல நல்லா தெரிஞ்ச காடு. மழை ஐப்பசி கார்த்திகைல கொட்டிட்டு போயிடும், அப்புறம் மாசக் கணக்கா காய்ச்சல், ஆனா மரம் பச்சையாவே நிக்கும். மரம் எல்லாம் உயரம் கம்மி, தண்டு ஒல்லி, நெருக்கமா இருக்கும், இது அளவெடுக்கறப்ப முக்கியம்.

காடே இல்லாத ஊரா? ஏரிக்கரை, பழைய புளியந்தோப்பு, பத்து வருஷமா யாரும் தொடாத புறம்போக்கு, எதுவும் ஓகே. யாரும் ஜேசிபி கொண்டு வர மாட்டாங்கன்னு ஓரளவு நம்பிக்கை இருக்கணும், அது போதும்.

எப்போ போறது

பொங்கல் முடிஞ்சு ரெண்டாவது வாரம். மழை நின்னு தரை காஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது, பரீட்சை டென்ஷனும் இன்னும் வந்திருக்காது. எந்த மாசம் போனாலும் வருஷா வருஷம் அதே மாசம் போங்க, ஏன்னா கோடைல பட்டைல தண்ணி வத்தி மரம் லேசா சுருங்கும், மழைக்கப்புறம் ஊதும். ஒரு வருஷம் கார்த்திகைலயும் அடுத்த வருஷம் சித்திரைலயும் அளந்தா வளர்ந்துச்சா இல்லையான்னே புரியாது.

என்னென்ன வேணும்

30 மீட்டர் ஃபைபர் டேப் ஒண்ணு, எந்த ஹார்டுவேர் கடைலயும் கிடைக்கும், கொத்தனார்கிட்ட கடன் கேட்டாலும் குடுப்பார். மரம் சுத்த தையல் டேப் 5 அல்லது 6. நைலான் கயிறு 100 மீட்டர். மூங்கில் குச்சி, சரியா 1.3 மீட்டர் நீளத்துக்கு அறுத்தது, ஒரு டீமுக்கு ஒண்ணு. அட்டை, பேப்பர், பென்சில் (பேனா வேணாம், ஈரத்துல ஊறிடும்). சின்ன டப்பா எனாமல் பெயின்ட், பிரஷ். ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ், குடிக்கத் தண்ணி.

தையல் டேப் விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. துணி டேப் நாளாக நாளாக இழுபடும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வச்சு செக் பண்ணுங்க. இன்னொண்ணு, ஒரு பக்கம் சென்டிமீட்டர் இருக்கும், திருப்பினா இன்ச் இருக்கும். மொத வருஷம் ஒரு டீம் முழுக்க இன்ச் பக்கத்த படிச்சு எழுதிட்டு வந்துடுச்சு, பெரிய நாவல் மரத்துக்கு எதிர்ல 41ன்னு இருக்கு, பக்கத்து டீம் சென்டிமீட்டர்ல அளந்த சின்ன வேம்பு 38, என்னடான்னு மண்டைய பிச்சுக்கிட்டேன். இப்ப இன்ச் பக்கம் முழுசும் பேன்டேஜ் டேப் ஒட்டி மறைச்சுட்டோம்.

கட்டம் போடறது

இது பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கற வேலை, ஏன்னா கணக்கு புக்குல இருந்த பித்தாகரஸ் எந்திரிச்சு நடந்து வரார். ஒரு மூலைல கல் வைங்க. அங்கிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4 மீட்டர் கயிற நீட்டி ரெண்டு முனைக்கும் நடுவுல சரியா 5 மீட்டர் வர வரைக்கும் நகத்துங்க, அப்போ அது செங்கோணம். அப்படியே ரெண்டு பக்கத்தையும் 20 மீட்டருக்கு நீட்டி நாலு மூலையும் போட்டுட்டு, குறுக்கால மூலைக்கு மூலை அளந்து பாருங்க, 28 மீட்டர் 28 சென்டிமீட்டர் வரணும். காட்டுக்குள்ள நேர் கோடு போடறது ஈஸி இல்ல, மரம் குறுக்க நிக்கும், அரை அடி முன்ன பின்ன ஆனா பரவால்ல. ரெண்டு அடி தப்புன்னா மறுபடி போடுங்க.

நாலு மூலைலயும் கருங்கல்ல பாதி புதைச்சு வைங்க. மரக்குச்சி நட்டீங்கன்னா கரையான் சாப்டுடும். ஜிபிஎஸ்ல குறிச்சா போதாதான்னு கேப்பாங்க, மொபைல் ஜிபிஎஸ் மரத்தடில பல மீட்டர் தள்ளிக் காட்டும், கட்டமே 20 மீட்டர்தான். அப்புறம் கயிறு கட்டி நாலு 10க்கு 10 கட்டமா பிரிச்சு, ஒரு கட்டத்துக்கு 5 பேர் டீம் விடுங்க: ஒருத்தர் குச்சி, ஒருத்தர் டேப், ஒருத்தர் எழுதறது, ஒருத்தர் இலை பாக்கறது, ஒருத்தர் கீழயும் மேலயும் பாக்கறது. இந்த அஞ்சாவது ஆள் எதுக்குன்னு கடைசில சொல்றேன்.

கோட்டு மேல நிக்கற மரத்த என்ன பண்றது? அடித்தண்டுல பாதிக்கு மேல உள்ள இருந்தா சேத்துக்கோங்க, இல்லன்னா விட்டுடுங்க. இத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா ரெண்டு டீமுக்கும் சண்டை வரும்.

நம்பர் போடறது

வழக்கமா அலுமினியத் தகடுல நம்பர் குத்தி ஆணி அடிப்பாங்க. எங்களுக்கு ஆணி கிடையாது. கூல்ட்ரிங்க்ஸ் டின்ன கத்தரிச்சு, எழுதாத பழைய பால் பாயின்ட் பேனாவால அழுத்தி நம்பர் எழுதினா பள்ளமா பதிஞ்சுடும், மழைக்கு அழியாது. அத தூண்டில் நரம்புல கோத்து மரத்த சுத்தி நல்லா தொளதொளன்னு கட்டினோம், எங்க பசங்க பாதிப் பேர் வீட்ல நரம்பு சும்மா கிடக்கும். இறுக்கிக் கட்டிடாதீங்க, மரம் பருக்கும்போது நரம்பு பட்டைய அறுத்து உள்ள போயிடும். வருஷா வருஷம் லூஸ் பண்ணி விடணும்.

தகடு தொலையும், குரங்கு பிச்சுப் போடும், அதனால ஒவ்வொரு மரத்துக்கும் மேப் போடுங்க. 10க்கு 10 கட்டத்தோட தென்மேற்கு மூலைல இருந்து கிழக்க எத்தன மீட்டர், வடக்க எத்தன மீட்டர்னு ரெண்டு நம்பர் எழுதினா போதும். கிராஃப் பேப்பர்ல புள்ளி வச்சு பக்கத்துல மர நம்பர்.

அளக்கறது – இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க

தரைல இருந்து 1.3 மீட்டர் உயரத்துல சுத்தளவு எடுக்கணும். இத நெஞ்சு உயரம்னு சொல்லுவாங்க. மொத வருஷம் நானும் அப்படியே "நெஞ்சு உயரத்துல அளங்கடா"ன்னு சொல்லி அனுப்பினேன். எட்டாவது படிக்கற பையனோட நெஞ்சு எங்க இருக்கு, ஒன்பதாவதுல நெட்டையா நிக்கற பொண்ணோட நெஞ்சு எங்க இருக்கு! ரெண்டாவது வருஷம் அளந்து பாத்தா 9 மரம் சுருங்கிப் போயிருக்கு, அதுல ஒண்ணு 7 சென்டிமீட்டர். எந்த மரமும் அப்படி இளைக்காது. அடியில பருமன், மேல போகப் போக ஒல்லி, போன வருஷம் குட்டைப் பையன் கீழ அளந்திருக்கான், இந்த வருஷம் வேற ஆள் மேல அளந்திருக்கான், அவ்ளோதான் கத. மொத வருஷ டேட்டா முழுசையும் ஓரமா வச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சோம். அந்த மூங்கில் குச்சி அதுக்கப்புறம் வந்ததுதான். குச்சிய மரத்தோட ஒட்டி நிக்க வச்சு, சருக ஒதுக்கிட்டு மண்ணுல படற மாதிரி வச்சு, அதோட உச்சில டேப்ப சுத்தணும். சுத்தின இடத்துல பெயின்ட்டால சின்னக் கோடு. அடுத்த வருஷம் குச்சி கூட வேணாம், கோட்டு மேலயே டேப்.

பெயின்ட் கலர பத்தி ஒரு அனுபவம். மொதல்ல கையில இருந்த மஞ்சள் பெயின்ட்ட அடிச்சோம். அடுத்த வாரம் போய் பாத்தா 17ஆம் நம்பர் வீரை மரத்துல அந்த மஞ்சள் கோட்டுக்கு நடுவுல யாரோ குங்குமம் வச்சுட்டுப் போயிருக்காங்க, இன்னொரு மரத்தடில கற்பூரம் எரிஞ்ச கரி. பூசாரி சிரிக்கறார். அதுக்கப்புறம் வெள்ளைதான்.

எவ்ளோ பெரிய மரத்துல இருந்து எடுத்துக்கறது? எங்க காடு மாதிரி ஒல்லித் தண்டு காடுன்னா சுத்தளவு 10 சென்டிமீட்டர் இருந்தாலே எடுத்துக்கோங்க. பெரிய மரமா இருக்கற தோப்புன்னா 30ல ஆரம்பிச்சா போதும். ஒரு தடவ முடிவு பண்ணினத மாத்தக் கூடாது.

டேப்ப கிடைமட்டமா சுத்தணும், பின்னாடி சரிஞ்சிருக்கான்னு ஒருத்தர் சுத்தி வந்து பாக்கணும். கொடி சுத்தியிருந்தா கொடிக்கு அடியில டேப்ப விடுங்க, சேத்து அளக்காதீங்க. சாஞ்ச மரம்னா தண்டோட சாய்வு வாக்குலயே 1.3 அளக்கணும், நேர் மேல இல்ல. சரியா அந்த உயரத்துல முண்டு இருந்தா கொஞ்சம் மேல தள்ளி அளந்து எந்த உயரம்னு குறிச்சுக்கோங்க.

அடியிலயே ரெண்டு மூணா பிரியற மரம் நிறைய வரும், எங்க காயா மரம் பூராவும் இப்படித்தான். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியா அளந்து எழுதுங்க. மொத்தமா ஒரு அளவு வேணும்னா கூட்டக் கூடாது, வர்க்கம் எடுத்து கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். ஒரு தண்டு 30, இன்னொண்ணு 40ன்னா 70 இல்ல, 50. "சார் மறுபடியும் 3 4 5!"ன்னு ஒரு பொண்ணு கத்தினா பாருங்க, அந்த வருஷம் முழுக்க நான் எடுத்த கணக்குப் பாடத்துக்கெல்லாம் சேத்து அதுதான் சம்பளம்.

பனை மரம் வந்தா அளந்து வைங்க, ஆனா வருஷம் போனாலும் சுத்தளவு ஏறாது. பனைக்கு நடுத்தண்டுல பருக்கற அடுக்கு கிடையாது, மேல மட்டும்தான் போகும். ஏன் சார் இது மட்டும் வளரலன்னு பசங்களே கேக்கற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

உயரம்

பாகைமானி, அதோட நேர் விளிம்புல ஒட்டின ஸ்ட்ரா, நடுவுல நூல்ல தொங்கற ஒரு நட்டு. ஸ்ட்ரா வழியா மர உச்சிய பாத்துக்கிட்டே பின்னாடி நடங்க, நூல் 45 டிகிரில நிக்கற இடத்துல நில்லுங்க. அங்கிருந்து மரம் வரைக்கும் தூரம் அளந்து, உங்க கண் உயரத்த கூட்டினா மரத்தோட உயரம். 8 மீட்டர் தூரம், கண் உயரம் 1.4, அப்போ 9.4 மீட்டர். நெருக்கமான காட்டுல உச்சியே தெரியாது, அதனால எல்லா மரத்துக்கும் எடுக்க ஆசப்படாதீங்க, பத்து மரம் போதும்.

பேர் கண்டுபிடிக்கறது

ஆடு மேய்க்கற ஆயாவ கூட்டிட்டு வாங்க. சீரியஸா சொல்றேன். எந்த ஆப்பும் அவங்களுக்கு ஈடாகாது, இலைய கசக்கி மோந்து பாத்தே சொல்லிடுவாங்க. ஆனா ஊர்ப் பேர மட்டும் நம்பிட முடியாது, எங்க ஷீட்ல ஒரு வருஷம் "பாலை"ன்னு 14 மரம் இருந்துச்சு. போய் பாத்தா சிலது வெப்பாலை, சிலது உலக்கைப்பாலை. கிள்ளினா ரெண்டுலயும் பால் வரும், ஆனா வேற வேற குடும்பம். வெப்பாலைல இலை ஜோடி ஜோடியா எதிரெதிரா இருக்கும், உலக்கைப்பாலைல ஒண்ணு மாத்தி ஒண்ணு இருக்கும், பழம் திங்கலாம்.

பசங்களுக்கு நாலே கேள்வி சொல்லிக் குடுங்க: இலை எதிரெதிரா, மாறி மாறியா? தனி இலையா கூட்டிலையா? கிள்ளினா பால் வருதா? கசக்கினா வாசனை வருதா? கூட்டிலையான்னு சந்தேகம் வந்தா காம்படியில மொட்டு இருக்கான்னு பாக்கணும், சின்னச் சின்ன துண்டுக்கு அடியில மொட்டு இருக்காது, முழு இலைக்கு அடியிலதான் இருக்கும். வேப்பிலைல காட்டினா உடனே புரியும். கசக்கறதும் கிள்ளறதும் பேர் தெரியாத செடில வேணாம், அடையாளம் தெரிஞ்ச பெரியவங்க ஓகே சொன்ன பிறகுதான். பேர் தெரியலன்னா "தெரியாதது 1", "தெரியாதது 2"ன்னு எழுதி போட்டோ எடுங்க: இலை முன்பக்கம், பின்பக்கம், பட்டை, பூ காய் இருந்தா அதுவும். ஐநேச்சுரலிஸ்ட்ல (செடி, பூச்சி போட்டோ போட்டு பேர் கேக்கற வெப்சைட்) போட்டா யாராவது சொல்லுவாங்க. தப்பான பேர விட தெரியாததே மேல்.

வாரா வாரம் பாக்கறது

ஜனவரில அளந்துட்டு வருஷம் பூரா சும்மா இருந்தா பசங்க மறந்துடுவாங்க. அதனால 5 மரத்த எடுத்து வாரம் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, கட்டத்துக்குள்ளயே இருக்கணும்னு இல்ல, ஸ்கூல் வாசல்ல இருக்கற புங்கமும் போதும். துளிர், முத்தின இலை, மொட்டு, பூ, காய், பழம், ஒவ்வொண்ணும் இல்ல, கொஞ்சம், நிறைய – இந்த மூணுல ஒண்ணு. இந்த முறை சீசன்வாட்ச்ங்கற, மரம் எப்ப துளிர்க்குது பூக்குதுன்னு பாத்து பதிவு பண்ற திட்டத்துல இருந்து எடுத்தது. 2010 வாக்குல ஆரம்பிச்சு இப்ப நாடு முழுக்க நடக்குது, உங்க ஸ்கூலும் சேரலாம். சரக்கொன்றை சித்திரைக்கு முன்னாடியே பூத்துடுச்சா, வேப்பம்பூ பச்சடிக்கு பூ இருக்கா இல்ல காயா மாறிடுச்சா, இதெல்லாம் வீட்ல பாட்டிகிட்ட கேட்டு வருவாங்க, அதையும் எழுதச் சொல்லுங்க.

கணக்கு

அன்னிக்கு சாயங்காலமே பேப்பர போட்டோ எடுத்துடுங்க, அப்புறம் எக்ஸெல்ல ஏத்துங்க. ஒருத்தர் படிக்க ஒருத்தர் டைப் பண்ணணும்.

சுத்தளவ 3.14ஆல வகுத்தா விட்டம். 94.2 சென்டிமீட்டர் சுத்தளவுள்ள வேம்புக்கு விட்டம் 30. ஒன்பதாவது பசங்கன்னா இன்னும் ஒரு படி போகலாம், மரத்துல எவ்ளோ கார்பன் இருக்குன்னு. வெப்பமண்டல மரங்களுக்கு 2014ல வந்த ஒரு சமன்பாடு இருக்கு: கட்டையோட அடர்த்தி (கன சென்டிமீட்டருக்கு எத்தன கிராம்), விட்டத்தோட (சென்டிமீட்டர்ல) வர்க்கம், உயரம் (மீட்டர்ல) மூணையும் பெருக்கி, அத 0.976 அடுக்குக்கு ஏத்தி, 0.0673ஆல பெருக்கணும். போன்ல இருக்கற கால்குலேட்டர படுக்க வச்சா அடுக்கு பட்டன் வரும். நம்ம வேம்புக்கு அடர்த்தி 0.69, உயரம் 10 மீட்டர்னு போட்டா சுமார் 339 கிலோ, தரைக்கு மேல இருக்கறது மட்டும், ஈரம் போக. அதுல 0.47 பங்கு கார்பன், 159 கிலோ. கார்பன் டை ஆக்ஸைடா மாத்த 3.67ஆல பெருக்கணும், 584 கிலோ கிட்ட வரும். இது உத்தேசம்தான், ஒரு மரத்துக்கு நிறையவே முன்ன பின்ன போகும்னு பசங்ககிட்ட சொல்லிடுங்க. பனைக்கு இந்தக் கணக்க போடாதீங்க.

எனக்கு தனிப்பட்ட முறைல கார்பன விட பிடிச்சது செத்த மரக் கணக்குதான். செத்த மரத்தோட வரிசைய ஷீட்ல இருந்து அழிக்கவே கூடாது. பக்கத்துல எப்ப, எப்படின்னு எழுதணும்: காத்துல சாஞ்சுது, நின்ன வாக்குல காஞ்சுது, யாரோ வெட்டிட்டாங்க. புதுசா 10 சென்டிமீட்டர தாண்டி உள்ள வந்த குட்டிங்களுக்கு புது நம்பர், செத்த மரத்தோட நம்பர மறுபடி குடுக்காதீங்க. எங்க கட்டத்துல போன தடவ 3 போச்சு, 5 வந்துச்சு, வந்த அஞ்சுல 2 சீமைக்கருவேலம். அத வெட்டலாமா வேணாமான்னு க்ளாஸ்ல ஒரு பீரியட் முழுக்க சண்டை, இன்னும் முடிவாகல.

பத்திரம்

அஞ்சாவது ஆளோட வேலை இதுதான். கீழ: கட்டை, கல் எதையும் கையால புரட்டக் கூடாது, சருகுல கால் வைக்கறதுக்கு முன்னாடி குச்சியால தட்டணும். மேல: தேன்கூடு, கதண்டு கூடு இருந்தா அந்த மரத்த அந்த வருஷம் விட்டுடணும், "பாக்கல"ன்னு எழுதினா போதும். செந்தட்டி, பூனைக்காலி ரெண்டையும் மொத நாளே தூரமா நின்னு காட்டிடுங்க, பூனைக்காலி காய தொட்டவன் அன்னிக்கு முழுக்க சொறிஞ்சுக்கிட்டேதான் இருப்பான். பாம்பு கடிச்சா கட்டு கட்டறது, கீறறது எதுவும் கூடாது, ஆட விடாம உடனே 108. பக்கத்துல விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரி எதுன்னு போறதுக்கு முன்னாடியே கேட்டு வைங்க. பெத்தவங்க கையெழுத்து இல்லாத பசங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. 20 பசங்களுக்கு குறைஞ்சது 2 பெரியவங்க.

அடுத்த பேட்ச்சுக்கு குடுக்கறது

ஒன்பதாவது முடிக்கற பசங்க எட்டாவது பசங்கள ஒரு நாள் கூட்டிட்டுப் போய் மரம் மரமா அறிமுகப்படுத்தி வைக்கணும், நான் பின்னாடி சும்மா நிப்பேன். மேப், ஷீட்டோட பிரின்ட் அவுட், தகடு, டேப் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டில ஸ்டாஃப் ரூம்ல இருக்கும், நாளைக்கே எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தாலும் அடுத்து வரவங்க பெட்டிய திறந்தா வேலை நடக்கும். மூங்கில் குச்சி மட்டும் பெட்டில அடங்காது. அத பீரோ பின்னாடி சாத்தி வைக்காதீங்க, எங்க ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு தோரணம் கட்ட எடுத்துட்டுப் போய் ஒண்ணர அடி வெட்டிட்டாங்க, அது தெரியாம 11 மரம் அளந்துட்டோம். இப்ப குச்சில ரெண்டு பக்கமும் சிவப்பு பெயின்ட் அடிச்சு "வெட்டாதே – அறிவியல்"னு எழுதி வச்சிருக்கோம்.